மூணு பாசை பேசறவனுக்கு மந்தமாம்!

வா கண்ணு, வந்து இப்படித் திண்ணையில உக்காரு. பயிற்சிக்குப் போயிட்டு வந்தவனாட்டத் தெரியுது. கழுத்துல அட்டை தொங்குது, கையில கோப்பு, மூஞ்சியில கவலை. என்ன சொல்லிக் குடுத்தாங்க? "பன்மொழி வகுப்பறை மேலாண்மை"யா? அடேங்கப்பா! தலைப்பே இத்தாம் பெருசுன்னா உள்ள எத்தன விசயம் இருக்கோணும். திரையில படம் காட்டியிருப்பாங்க. ஆளுக்கொரு சார்ட்டு குடுத்து, கலர் பேனாவுல பூவும் அம்பும் வரையச் சொல்லியிருப்பாங்க. மத்தியானச் சாப்பாட்டுல வடை பாயசம் இருந்திருக்கும். அதையெல்லாம் நான் கேக்கல. உன்ற வகுப்புல கடைசி வரிசையில உக்காந்திருக்கறானே ஒரு பீகாரிப் பையன், அவனுக்கு நாளைக்குக் காத்தால என்ன பண்ணப் போறேன்னுதான் கேக்கறேன். அதுக்கு மட்டும் எதுக்கு மோட்டுவளையப் பாக்கறே?

நாலு பாசை ஒரே வகுப்புல வந்து உக்காந்துட்டா ஒலகமே முழுகிப் போனாப்புல பேசறே. ஏன் சாமி, நம்மூரு பேசறத நீ என்னைக்காச்சும் காது குடுத்துக் கேட்டிருக்கறயா? வடக்காலத் தெருவுல ஊட்டுக்குள்ள தெலுங்கு. தறி ஓடற தெருவுல கன்னடம். டீக்கடைக்காரரு ஊட்டுல மலையாளம். பள்ளிவாசல் பக்கம் போனா உருது. 2011-ல கணக்கெடுத்தப்ப, தமிழ்நாட்டுல நூத்துக்கு 11 பேருக்கு மேல எங்க தாய்மொழி தமிழில்லைன்னுதான் எழுதிக் குடுத்திருக்கறாங்க. அவிய எல்லாரும் சந்தையில தமிழ்ல பேரம் பேசறாங்க, ஊட்டுக்குப் போயி அவிய பாசையில சண்டை கட்டறாங்க. எங்க காலத்துல இந்தப் பொடுசுக எல்லாம் ஒட்டுக்கா ஒரே பாயில உக்காந்து ஒரே குச்சியில அடி வாங்குச்சு. ஒருத்தனுக்காச்சும் மூளை கொழம்புச்சா? கொழம்புனதெல்லாம் பொறவு கண்ணாலம் ஆனதுக்கப்புறந்தான்.

"அப்படின்னா சரிங் அப்பாரு, சும்மா உட்டாலே தானாப் படிச்சுக்குவான்"னு நீ எந்திரிச்சு நிக்கப் பாக்கறே. உக்காரு. அங்கதான் வழுக்கி உழுகறே. அன்னைக்கு வாத்தியாருக்கே அரைகுறைத் தெலுங்கு தெரியும். பள்ளிக்கோடத்துக்கு வரதுக்கு மின்னயே அந்தப் பையன் காதுல தெருத் தமிழு விழுந்திருக்கும். ஆடு மேய்க்கையில, கிணத்துல குதிக்கையில, கோயல்ல பொங்கச் சோறு வாங்கித் திங்கையில எல்லாம் தமிழுதான். பாதி வேலைய ஊரே செஞ்சு குடுத்துச்சு. வாத்தியாரு மீதியச் செஞ்சுட்டு முழுச் சம்பளம் வாங்கினாரு.

இன்னைக்கு உன்ற பையனுக்கு அந்த ஊரு எங்க இருக்குது? அப்பன் துணிக் கம்பெனியில பவர் டேபிள்ல தைக்கறான். ஆத்தா செக்கிங்குல நிக்கறா. ஒன்னர சிப்டு அடிச்சுட்டு ராத்திரி ஊடு வந்து சேர்றாங்க. லைன் வீட்டுல ஒரே ரூமு, சுத்தியும் அவிய சனந்தான். ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போனாக்கூட நம்ம யாவாரியே இப்ப இந்தியில வெலை சொல்லக் கத்துக்கிட்டான். பின்ன தமிழு அந்தப் பையன் காதுல ஒழுங்கா உழுகற ஒரே எடம் உன்ற பள்ளிக்கோடம். அங்கயும் நீ போர்டப் பாத்துத்தான் பேசறே.

உன்ற பதிவேட்டுல தாய்மொழின்னு ஒரு கட்டம் இருக்குதல்ல? அதுல மேலருந்து கீழ வரைக்கும் "இந்தி, இந்தி"ன்னு எழுதி உட்டிருப்பே. வடக்கருந்து ரயிலேறி வந்தவனெல்லாம் இந்திக்காரன்னு தீர்ப்புச் சொல்லிட்டே. நம்மளையும் மலையாளத்தானையும் தெலுங்கனையும் ஒரே கட்டாக் கட்டி 'மதராசி'ன்னு டெல்லிக்காரன் சொன்னா மட்டும் உனக்கு மூக்கு வெடைக்குதே, அது ஏன்? சீவான், சப்ராப் பக்கமிருந்து வந்தவன் ஊட்டுல போஜ்புரி. கயாப் பக்கம்னா மகஹி. தர்பங்கா, மதுபனின்னா மைதிலி. ஜார்க்கண்டுல சாத்ரி, முண்டாரி, ஹோ, சந்தாலின்னு வண்டி வண்டியா இருக்குது. மைதிலியும் சந்தாலியும் 2003-ல அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணையிலயே ஏறிப்போச்சு, தமிழ் இருக்கற அதே அட்டவணை. சந்தாலிக்கு ரகுநாத் முர்முன்னு ஒருத்தரு 1925-ல ஒல் சிக்கின்னு தனி எழுத்தே உண்டாக்கி வெச்சாரு. ஒடிசாக்காரனோட ஒடியாவுக்குத் தனி எழுத்து, தனி இலக்கணம். 2014-ல அதுவும் செம்மொழின்னு பட்டம் வாங்கிருச்சு. இத்தனையும் உன்ற பதிவேட்டுல 'இந்தி'ங்கற மூணெழுத்துக்குள்ள பூந்துக்குச்சு.

அதனால என்ன ஆகுதுன்னு கேளு. நீ போனை எடுத்துத் தமிழ்ல பேசறே. அது இந்தியாக்கி ரேடியோவுல நூஸு வாசிக்கறாப்புல சொல்லுது. சந்தாலிப் பையன் போனைப் பாக்கறான், உன்னையப் பாக்கறான், ஜன்னலப் பாக்கறான். அவனுக்கே பள்ளிக்கோடத்து இந்தி ரெண்டாவது பாசை. உனக்கும் புரியல, அவனுக்கும் புரியல. போனு மட்டும் நெம்ப சந்தோசமாப் பேசிட்டிருக்குது.

எந்தப் பாசைன்னு கண்டுபிடிக்க ஒரு படிவமும் வேண்டாம். "உங்கம்மாவுக்குக் கோவம் வந்தா எந்தப் பாசையில வையுவாங்க?"ன்னு கேளு. பொய் வராது. வைய்யறதுக்கு எவளும் அடுத்த ஊட்டுப் பாசைய எரவல் வாங்க மாட்டா.

அப்பறம், "பையன் வாயே தொறக்க மாட்டீங்கறான், மந்தம்னு நெனைக்கறேன்"னு போன வாரம் சொன்னே. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. உன்னையத் தூக்கிட்டுப் போயி சப்ராவுல ஒரு வகுப்புல உக்கார வெச்சா நீ எத்தன நாளைக்கு வாயத் தொறப்பே? ஒண்ணுக்குப் போகோணும்னு கேக்கறதுக்கே ஒரு வாரம் ஆகும். புதுப் பாசைக்கு நடுவுல விழுந்த புள்ளைகள்ல நெறையப் பேரு மொதல்ல கொஞ்ச நாளு பேச மாட்டாங்க. சிலதுக்கு வாரக் கணக்கு, சிலதுக்கு மாசக் கணக்கு. வாய்தான் சும்மா இருக்கும், காது வேலை செய்யும். அந்த நேரத்துல எந்திரிச்சு நிக்க வெச்சு, "சொல்லு, சொல்லு"ன்னு நெருக்குனா அவன் உன்ற தமிழையும் வெறுப்பான், உன்னையும் வெறுப்பான். அவனைக் கையால காட்டச் சொல்லு. படம் போடச் சொல்லு. கல்லையும் குச்சியையும் குடுத்துக் கணக்குப் போடச் சொல்லு. விடை சரியா இருந்தா, எந்தப் பாசையில யோசிச்சான்னு உனக்கு எதுக்கு?

நீ மந்தம்னு சொன்ன அதே பையன் சாயங்காலம் மளிகைக் கடையில நிக்கறதப் போயிப் பாரு. கால் கிலோ பருப்பு, அரைக் கிலோ உருளைக் கிழங்கு, மிச்சம் இத்தனைன்னு கடைக்காரரு சொல்றதுக்கு மின்ன இவன் கை நீட்டறான். ஆத்தாளோட வாரச் சம்பளத்துல ஓ.டி. காசு சரியா வந்திருக்குதான்னு எண்ணிப் பாக்கறதும் இவந்தான். இவனையா கணக்குல பெயிலுன்னு போட்டே? கணக்கு தெரியும் கண்ணு. "ராமுவிடம் உள்ள மாம்பழங்களின் எண்ணிக்கையைக் காண்க"ங்கறதுதான் தெரியாது. ராமுவுக்கும் தெரியாது.

இதுக்கு நேரெதிரா ஒரு ஏமாத்து இருக்குது. ஒரு வருசம் ஆயிருச்சு, பையன் மைதானத்துல "டேய், இங்க போடுறா, அவுட்டு, போங்காட்டம்"னு வெளுத்து வாங்கறான். உடனே நீ, "தமிழ் வந்துருச்சு, இனி ஒத்தாசை தேவையில்ல"ன்னு எழுதிருவே. அப்பறம் அறிவியல்ல அஞ்சு மார்க்கு வாங்குனா, "விளையாட்டுத்தான் வருது, படிப்பு ஏறல"ன்னு அதையும் அவன் தலையில கட்டுவே.

என்ற பேத்தி பி.எட். படிச்சப்ப ராத்திரியில சத்தம் போட்டுப் படிப்பா. அவளுக்கு ஏறுச்சோ இல்லியோ, தூக்கம் வராமப் படுத்துக் கெடந்த எனக்கு ஏறிப்போச்சு. கனடாவுல ஜிம் கம்மின்ஸ்னு ஒரு பேராசிரியரு, 1979-லருந்து இதையேதான் சொல்லிட்டிருக்கறாரு. கூட வெளையாடற பாசை ரெண்டு வருசத்துல வந்துருமாம். பாடப் பொஸ்தகத்துப் பாசை கைக்கு வரதுக்கு அஞ்சுலருந்து ஏழு வருசம் ஆகுமாம். பின்ன ஆகாதா? "பந்தைப் போடு"ங்கறதும் "நீர் ஆவியாதலை விளக்குக"ங்கறதும் ஒண்ணா? நம்ம ஊட்டுலயே எவன் "விளக்குக"ன்னு பேசறான்? என்ற கெழவி, "அடுப்பு எரியாமைக்குக் காரணம் கூறுக"ன்னு கேட்டிருந்தா நான் அன்னைக்கே ஊட்ட உட்டு ஓடியிருப்பேன். அந்தக் கணக்குல பாத்தா உன்ற வகுப்புல அத்தன புள்ளையும் ரெண்டு பாசைக்காரந்தான். ஊட்டுல ஒரு தமிழ், பொஸ்தகத்துல ஒரு தமிழ். அந்தப் பீகாரிப் பையன் அதுக்கும் மேல ஒரு படி ஏறோணும், அவ்வளவுதான்.

சரி, அவனை ஏத்தறது எப்படி? மாடு பழக்கறதப் பாத்திருக்கறயா? எங்க பாத்திருக்கப் போறே, உனக்குப் பால் பாக்கெட்டுலருந்துதான வருது. கன்னு வளந்து நொகத்தடிக்கு வந்துட்டா, அதைத் தனியாக் கட்டி யாரும் சாட்டையில அடிக்க மாட்டாங்க. பழகுன கெழட்டு மாடு ஒண்ணோட சோடி போட்டுக் கட்டுவாங்க. அது நடந்தா இதுவும் நடக்கும், அது நின்னா இதுவும் நிக்கும். பழசை அவுத்து வெரட்டிட்டுப் புதுசைப் பழக்கறேன்னு எவனாச்சும் சொன்னா ஊரே சிரிக்கும். பள்ளிக்கோடத்துல மட்டும் அதுக்கு ஆங்கிலத்துல ஒரு பேரு வெச்சு, சுவத்துல எழுதி ஒட்டறாங்க: இங்க தமிழு பேசாதே, அங்க இந்தி பேசாதேன்னு.

ஆகவே அவன் பாசையை உள்ள உடு. ஒரே பாசைக்காரப் புள்ளைக ரெண்டு பேரு இருந்தா பக்கத்துல உக்கார வெய்யி. பாடத்தை மொதல்ல அவிய பாசையில பேசிப் புரிஞ்சுக்கட்டும், விடைய அப்பறம் தமிழ்ல தட்டுத் தடுமாறிச் சொல்லட்டும். "கிசுகிசுன்னு பேசறாங்க"ன்னு பதறாதே. உங்க ஸ்டாப் ரூமுல நீங்க பேசறதை விட அது பாடத்துக்குப் பக்கத்துலதான் இருக்கும்.

அவன் பாசை எப்படி வேலை செய்யுதுன்னு நீயும் ஒரு கை பாத்து வெச்சுக்கோ. முழுசாக் கத்துக்கச் சொல்லல, உனக்கு எதுக்கு அந்த வீண் ஆசை. எங்க தடுக்கும்னு தெரிஞ்சாப் போதும். அவன் இந்தி எழுத்துப் படிச்சவனா இருந்தா, அங்க 'ப' வரிசையில நாலு எழுத்து. நம்ம தமிழ்ல நாலுக்கும் சேத்து ஒண்ணுதான். 'பம்பரம்'னு எழுதிப் போடறே. மொதல் 'ப'வை அழுத்தமாச் சொன்னவன் ரெண்டாவதையும் அதே அழுத்தத்துல சொல்றான். வகுப்பே சிரிக்குது, நீயும் சேந்து சிரிக்கறே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மெல்லெழுத்துக்குப் பொறகால வந்தா நம்ம வல்லெழுத்து குழைஞ்சு போயிரும்னு நீ சொல்லிக் குடுத்தயா? அந்த ஒரு விதிய உருவிக் குடுத்தீன்னா பம்பரம், தங்கம், பந்து, வண்டி எல்லாத்துலயும் அவனே ஓடிருவான். நம்ம புள்ளைக்கு இதச் சொல்ல வேண்டியதில்ல, ஆத்தா மடியிலயே கேட்டிருக்கும். அதனாலதான் உனக்கும் அது ஒரு விதின்னே தெரியல.

தடுக்காத எடமும் இருக்குது. அவிய பாசைகள்லயும் வினைச்சொல்லு கடைசியிலதான் வந்து நிக்கும், நம்ம மாதிரியே. "அம்மா, தண்ணி குடு"ங்கற வரிசை அவனுக்கு அப்படியே தெரிஞ்சது. இங்கிலீசுலதான் தலைகீழ். ஒடியாப் பையனுக்கு 'ள'வும் 'ண'வும் அவன் பாசையிலயே இருக்குது. பல்லிக்கும் பள்ளிக்கும் வித்தியாசத்தை அவன் உனக்கு மின்னயே புடிச்சுக்குவான். 'ழ'தான் கொஞ்சம் படுத்தும். அதுக்கு நீ அவனை மட்டும் எதுக்கு வாட்டறே? நம்மூருலயே பாதிப் பேரு 'வாளப்பளம்'தான் திங்கறான்.

ரெண்டு மூணு பாசை படிச்சா புத்தி மழுங்கிரும்னு ஒரு காலத்துல பெரிய பெரிய படிப்பாளிகளே நம்புனாங்க. 1962-ல கனடாவுல மான்ட்ரியால்னு ஒரு ஊருல, பீல்னு ஒரு அம்மாவும் லாம்பெர்ட்டுன்னு ஒருத்தரும் பத்து வயசுப் புள்ளைகளை உக்கார வெச்சுப் பரிச்சை பண்ணிப் பாத்தாங்க. பிரெஞ்சும் இங்கிலீசும் ரெண்டும் தெரிஞ்ச புள்ளைக ஒத்தப் பாசைப் புள்ளைகளை விட மேலதான் நின்னுச்சு. அறுபது வருசத்துக்கு மேல ஆச்சு. சேதி இன்னும் உங்க ஸ்டாப் ரூமுக்கு வந்து சேரல, தபால் தாமதமாட்ட இருக்குது.

வேல்சுன்னு ஒரு நாடு, இங்கிலாந்துக்கு மேக்கால. 19ஆம் நூற்றாண்டுல அங்க சில பள்ளிக்கோடத்துல, வேல்சுப் பாசை பேசுன புள்ளையோட கழுத்துல ஒரு கட்டைய மாட்டி உடுவாங்க. அடுத்து எவன் பேசறானோ அவன் கழுத்துக்கு அது மாறும். சாயங்காலம் மணி அடிக்கையில எவன் கழுத்துல தொங்குதோ அவனுக்கு அடி. நல்லா யோசிச்சு வெச்சிருக்கறாங்க பாரு, புள்ளைய வெச்சே புள்ளையக் காட்டிக் குடுக்கற ஏற்பாடு. அடப்பாவிகளான்னு வாயப் பொளக்காதே. தமிழ்ல பேசுனா பைன் போடற பள்ளிக்கோடத்துக்கு நம்மாளுக டொனேசன் கட்டிப் புள்ளைய அனுப்பறாங்க. வேல்சுக்காரன் கட்டை மாட்டுனான், நம்மாளு ரசீது குடுக்கறான். ஆனா அதே வேல்சுலதான் பின்னால கென் வில்லியம்சுன்னு ஒருத்தரு, ஒரு பாசையில படிக்கச் சொல்லி இன்னொரு பாசையில எழுதச் சொல்றதே நல்ல பாடமுறைன்னு 1994-ல ஆராய்ச்சி பண்ணி எழுதுனாரு. கட்டை மாட்டுன ஊருக்கே புத்தி வந்திருச்சு.

அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோவுல ஒரு வழக்கு. இங்கிலீசு தெரியாத சீனப் புள்ளைக 1,800 பேரு மாதிரி, எந்த ஒத்தாசையும் இல்லாம வகுப்புல உக்காந்திருந்துச்சு. "எல்லாத்துக்கும் ஒரே பொஸ்தகம், ஒரே வாத்தியாரு, ஒரே பெஞ்சு, பின்ன என்ன கொறை?"ன்னு கேட்டாங்க அதிகாரிக. புரியாத பாசையில ஒரே பொஸ்தகம் குடுக்கறது சமம் ஆகாதுன்னு 1974-ல அங்கத்த உச்ச நீதிமன்றம் சொல்லிப்போட்டுது. லாவ் - நிக்கல்ஸ் வழக்குன்னு பேரு. நீயும் அந்த அதிகாரி மாதிரிதான், "நான் எல்லாருக்கும் ஒண்ணாத்தான் நடத்தறேன்"னு நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொல்றே.

இப்ப என்ற மனசுல இருக்கறதைச் சொல்லிடறேன், கோவிச்சுக்காதே. மேக்காலத் தெரு டாக்டரு புள்ளை இங்கிலீசு பேசுது. பிளஸ் டூவுல மார்க்கு அள்ளறதுக்குப் பிரெஞ்சு எடுத்திருக்குது. பாட்டிகிட்டக் கொஞ்சம் தெலுங்கு. "அடடா, எத்தன பாசை தெரியுது, என்ன அறிவு"ன்னு ஊரே மெச்சுது. லைன் வீட்டுப் பையனுக்குச் சாத்ரி தெரியும், பள்ளிக்கோடத்து இந்தி தெரியும், பக்கத்து ரூமு ஒடியா தெரியும், தமிழு வந்துட்டிருக்குது. அவனை "மொழிப் பிரச்சினை உள்ள மாணவர்"னு எழுதி வெக்கறீங்க. என்னய்யா நாயம் இது? பாசைய எண்ணறீங்களா, அப்பன் சட்டைப் பையை எண்ணறீங்களா? காரு வெச்சிருக்கறவன் ஊட்டு மூணாவது பாசை தெறமை, பவர் டேபிள்காரன் ஊட்டு நாலாவது பாசை கோளாறு. இதுக்கு எந்தப் பயிற்சியில மருந்து குடுக்கறாங்க?

அதை விட்டுட்டு சோடனை பண்றீங்க. கதவுல ஏழெட்டு எழுத்துல "வணக்கம்" ஒட்டி வெச்சிருக்கே, பாத்தேன். வருசத்துக்கு ஒரு நாளு அந்தப் பையனுக்குத் தலைப்பா கட்டி மேடையில ஏத்தி, போட்டோ எடுத்துக் குரூப்புல போட்டாச்சு. மத்த நாளெல்லாம் கடைசி வரிசை. வேண்டாம்னு சொல்லல, பூவும் தோரணமும் அழகுதான். அந்தப் பையனைக் கூப்புட்டு, "உங்கூர்ல நெல்லு எப்ப நடுவாங்க? இந்தச் செடிக்கு உங்க பாசையில என்ன பேரு?"ன்னு பாடத்து நடுவுல ஒரு வார்த்தை கேட்டுப் பாரு. தோரணத்துக்கு ஆன செலவுல கால்வாசி கூட ஆகாது.

இன்னொண்ணு. பெத்தவங்களைக் கூப்புட்டுப் பேசறப்ப, அந்தப் பையனையே நடுவுல நிக்க வெச்சு "நான் சொல்றதை உங்கம்மாகிட்டச் சொல்லுறா"ங்கறே. அவன் மேல இருக்கற புகாரை அவனே அம்மாவுக்குச் சொல்லோணுமா? "சார் என்னைய நெம்பப் பெருமையாச் சொல்றாரு அம்மா"ன்னுதான் சொல்லுவான். நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லுவேன். கம்பெனியில ரெண்டு பாசையும் தெரிஞ்ச சூப்பர்வைசர் ஒருத்தன் இருப்பான், மேஸ்திரி இருப்பான், பத்து வருசமா இங்கயே இருக்கற பெரியம்மா ஒருத்தி இருப்பா. அவிய யாரையாச்சும் கூப்புடு. ஒரு டீ வாங்கிக் குடு. வருவாங்க.

சட்டம் எல்லாம் இருக்குது, இல்லாம இல்ல. வேற பாசை பேசறவங்க புள்ளைகளுக்கு ஆரம்பப் படிப்பை அவிய தாய்மொழியில குடுக்க வசதி பண்ணோணும்னு 1956-லயே அரசியல் சட்டத்துல 350-ஏன்னு ஒண்ணைச் சேத்தாங்க. 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டமும் "கூடுமானவரை தாய்மொழியில"ன்னு சொல்லுது. கூடுமானவரைன்னு சொல்லிட்டா நம்ம சர்க்காருக்கு அதுலயே பாய் விரிச்சுப் படுத்துக்கறதுக்கு எடம் கெடச்சுரும். ஆனா செஞ்சவங்களும் இருக்கறாங்க. ஒடிசாவுல 2006-07 வாக்குல பத்துப் பழங்குடிப் பாசையில பொஸ்தகம் போட்டு, அதுல ஆரம்பிச்சு மெதுவா ஒடியாவுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. எறணாகுளம் மாவட்டத்துல 2017-ல ரோஷ்ணின்னு ஒரு திட்டம். இந்தி, வங்காளம், ஒடியா தெரிஞ்ச உள்ளூரு ஆளுகளை வெச்சு, வெளியூருத் தொழிலாளி புள்ளைகளை அவிய பாசை வழியாவே மலையாளத்துக்குள்ள எறக்குனாங்க. காத்தாலைக்கு டிபனும் போட்டாங்க, அதையும் சொல்லோணும். வயிறு காஞ்சா எந்தப் பாசையும் ஏறாது. நம்ம திருவள்ளூர் பக்கத்துச் செங்கச் சூளைகள்லயும் ஒடியா பொஸ்தகம் வரவழச்சு, ஒடியா தெரிஞ்ச வாத்தியாரை வெச்சுச் சொல்லிக் குடுத்திருக்கறாங்க.

இத்தன சொல்றங்காட்டி, கெழவன் தமிழை உட்டுடச் சொல்றான்னு ஊருல போயிப் பேசிப்போடாதே. தமிழு அவனுக்கு வேணும். பஸ்ல கேக்கோணும், ஆஸ்பத்திரியில சொல்லோணும், கூலியில ஏமாத்துனா எதுத்துக் கேக்கோணும். 2006-ல போட்ட சட்டப்படி பத்தாப்புல தமிழ்ப் பரிச்சையும் வந்து நிக்கும். நல்ல தமிழாவே வரட்டும். அது அவன் பாசையை மிதிச்சுக்கிட்டு வர வேண்டியதில்லைங்கறதுதான் என்ற பேச்சு முச்சூடும்.

தீவாளி வருது. அவிய சனமெல்லாம் ரயிலேறி ஊருக்குப் போகும். தீவாளி முடிஞ்ச ஆறாம் நாளு சட் பூசை, அதை உட்டுட்டு எவனும் திரும்ப மாட்டான். அதுக்கு மேல டிக்கெட்டு கெடைக்கோணும். பையன் ஒரு மாசம் கழிச்சு வந்து நிப்பான். நீ பேரை அடிச்சுப்போட்டு, "டி.சி. எங்க?"ன்னு கேட்டு நிக்க வெக்காதே. டி.சி. இல்லைன்னு சேக்காம உடறதுக்கோ, தள்ளிப் போடறதுக்கோ கல்வி உரிமைச் சட்டத்துல எடமில்ல. பத்து வயசுப் பையனைத் தமிழ் தெரியலைன்னு ஒண்ணாப்புலயும் உக்கார வெக்காதே. வயசுக்கேத்த வகுப்புல சேத்து, வேணுங்கறதைத் தனியாச் சொல்லிக் குடுக்கோணும்னு அதே சட்டந்தான் சொல்லுது. பொடுசுகளுக்கு நடுவுல கூனிக் குறுகி உக்காந்தான்னா மூணாம் வாரம் அவன் பள்ளிக்கோடத்துல இருக்க மாட்டான், ஏதாச்சும் கம்பெனியில கைமடி வேலை பாத்துக்கிட்டு இருப்பான். நாளைக்குப் போன ஒடனே மொதல் வேலையா அந்தப் பதிவேட்டை எடு. 'இந்தி'ன்னு இருக்கற கட்டத்தையெல்லாம் ஒவ்வொரு புள்ளையாக் கேட்டுத் திருத்தி எழுது. அரை மணி நேரம் ஆகும், சார்ட்டு ஒண்ணும் வேண்டாம்.